ஓய்வு பெறும் மின் பொறியாளரிடமிருந்து துணைமின் நிலையத்தைப் பொறுப்பேற்பது: எதையெல்லாம் எழுதி வாங்க வேண்டும்?

#1 புதுப்பொறுப்பு

வணக்கம். எங்கள் துணைமின் நிலையத்தில் 11 கே.வி. இன்கமர் (சப்ளை உள்ளே வரும் பிரேக்கர்), 1000 கே.வி.ஏ. 11/0.433 கே.வி. டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு, 110 வோல்ட் டி.சி. பேட்டரி, எல்.டி. (433 வோல்ட்) பக்கம் இரண்டு இன்கமரும் நடுவில் இரண்டு பஸ்ஸையும் இணைக்கும் ஒரு பஸ் கப்ளரும். நிறுவிய நாளிலிருந்து இதைப் பார்த்துக்கொண்ட மூத்த மின் பொறியாளர் மூன்று மாதத்தில் ஓய்வு பெறுகிறார். சாவி, கருவிகள், கோப்புகள் என்று பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்குவதுதான் வழக்கமான ஒப்படைப்பு. அந்தப் பட்டியலில் வராமல் போகிறவை எவை? இந்த மூன்று மாதத்துக்குள் அவரிடம் எதைக் கேட்டு வாங்காவிட்டால் பிறகு கிடைக்காது?

#2 ரிலேமேசை

முதலில் ரிலே (ஃபால்ட்டைக் கண்டு பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் கருவி) செட்டிங். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் "ஏன் இந்த எண்" என்று அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். செட்டிங் தாள் எல்லா இடத்திலும் இருக்கும். அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு பெரும்பாலும் அவர் தலைக்குள்தான் இருக்கும்.

உங்கள் டிரான்ஸ்ஃபார்மரையே எடுத்துக்கொள்வோம். முழு லோடில் 11 கே.வி. பக்கம் 52.5 ஆம்பியர், எல்.டி. பக்கம் 1333 ஆம்பியர். இம்பிடன்ஸ் 5% என்றால் எல்.டி. பஸ்ஸில் மூன்று ஃபேஸ் ஷார்ட் ஆனால் 1333 / 0.05, அதாவது சுமார் 26.7 கிலோ ஆம்பியர். அதே ஃபால்ட் 11 கே.வி. பக்கம் 1050 ஆம்பியராகத் தெரியும்.

சி.டி. (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) 100/1, ஓவர்கரண்ட் பிக்கப் (ரிலே இயங்கத் தொடங்கும் அளவு) 75 ஆம்பியர் என்று வைப்போம். 1050 என்பது அதில் 14 மடங்கு. ஸ்டாண்டர்ட் இன்வர்ஸ் வளைவில் 14 மடங்குக்கு டி.எம்.எஸ். (நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் பெருக்கி) 1 என்றால் 2.58 விநாடி, டி.எம்.எஸ். 0.2 வைத்தால் 0.52 விநாடி. எல்.டி. ஏ.சி.பி. (ஏர் சர்க்யூட் பிரேக்கர்) முதலில் விழ வேண்டும்; அதன் ஷார்ட் டைம் டிலே 0.2 விநாடி என்றால் இடைவெளி 0.32. நியூமெரிக்கல் ரிலேவுக்கு இது போதும். பழைய டிஸ்க் ரிலே என்றால் கரண்ட் நின்ற பிறகும் டிஸ்க் கொஞ்சம் ஓடும், அதனால் 0.4 விநாடி வேண்டும், அப்போது டி.எம்.எஸ். 0.25 ஆக வேண்டும். தாளில் 0.25 என்று மட்டும் இருந்து, நடுவில் யாரோ நியூமெரிக்கலுக்கு மாற்றியிருந்தால், அந்த 0.25 பழைய டிஸ்க்குக்காக வைத்ததா, மேல்பக்க ஃபீடரோடு ஒத்துப்போக வைத்ததா என்று அவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

இன்ஸ்டன்டேனியஸ் (தாமதமில்லாமல் உடனே இயங்கும் செட்டிங்) இன்னும் முக்கியம். எல்.டி. ஃபால்ட்டுக்கு அது இயங்கக் கூடாது, எனவே 1050-ஐ 1.3 ஆல் பெருக்கி 1365, வசதியாக 1400 ஆம்பியர் என்று வைப்பார்கள். டிரான்ஸ்ஃபார்மரைச் சார்ஜ் செய்யும்போது ஒரு கணம் பாயும் இன்ரஷ் கரண்ட் முழு லோடைப் போல 8 முதல் 12 மடங்கு, அதாவது 420 முதல் 630 ஆம்பியர். 1400 அதற்கும் மேலேதான். நாளைக்கு இந்த டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து, அவசரத்துக்கு 4% இம்பிடன்ஸ் உள்ள ஒன்றை வைக்கிறீர்கள் என்றால், எல்.டி. ஃபால்ட் 11 கே.வி. பக்கம் 1312 ஆம்பியராகத் தெரியும். 1400-க்கும் அதற்கும் 7% கூட வித்தியாசம் இல்லை. ஃபால்ட் கரண்டின் டி.சி. கூறு சேர்ந்ததும் எல்.டி. ஏ.சி.பி.க்கு முன்னால் 11 கே.வி. பிரேக்கர் விழும். செட்டிங் தாளில் "5% இம்பிடன்ஸை வைத்துப் போட்டது" என்ற ஒரு வரி இருந்தால் புது ஆள் அங்கேயே நிற்பார்.

#3 புதுப்பொறுப்பு

நன்றி சார், இந்தக் கணக்கு எங்கள் கோப்பில் இல்லை. இன்னொன்று: இரண்டு இன்கமர், ஒரு கப்ளர், மூன்றில் இரண்டுதான் ஒரே நேரத்தில் மூட முடியும் என்று இன்டர்லாக் இருக்கிறது. லோடு மாற்றும்போது கரண்ட் போகாமல் இருக்க, அதைச் சில விநாடி பைபாஸ் செய்யலாம் என்று தயாரிப்புப் பிரிவில் கேட்கிறார்கள்.

#4 ரிலேமேசை

செய்யாதீர்கள். இரண்டையும் பேரலல் செய்த அந்த விநாடிகளில் பஸ்ஸின் ஃபால்ட் லெவல் 26.7 + 26.7 = 53.4 கிலோ ஆம்பியர். மேல்பக்க இம்பிடன்ஸைச் சேர்த்தால் கொஞ்சம் குறையும், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார்கள் தரும் பங்கு அதைத் திரும்ப ஏற்றிவிடும். பேனல் பெயர்ப்பலகையில் 50 கிலோ ஆம்பியர் என்று இருந்தால் உங்கள் இன்டர்லாக்கின் காரணம் அதுதான். 65 என்று இருந்தால் வேறு காரணமாக இருக்கலாம்: டாப் சேஞ்சர் நிலை வேறுபாடு, வெக்டர் குரூப் வேறுபாடு, மேலே இரண்டு ஃபீடரும் வேறு வேறு சோர்ஸ் என்று ஏதாவது ஒன்று. எது என்று அவரிடம் எழுதி வாங்குங்கள். எதற்கு என்று தெரியாத இன்டர்லாக்கை அடுத்த தலைமுறை கட்டாயம் பைபாஸ் செய்யும்.

#5 நியூட்ரல்

எர்த் ஃபால்ட் பற்றி ஒரு குறிப்பு. டிரான்ஸ்ஃபார்மர் டி.ஒய்.என்.11 (11 கே.வி. பக்கம் டெல்டா, எல்.டி. பக்கம் நியூட்ரலோடு ஸ்டார்) தானே? டெல்டா இருப்பதால் எல்.டி. பக்க எர்த் ஃபால்ட் 11 கே.வி. பக்கம் ரெசிட்யுவல் கரண்டாக (மூன்று ஃபேஸின் கூட்டுத்தொகையாக) வராது. அதனால் 11 கே.வி. எர்த் ஃபால்ட் ரிலேயை எல்.டி.யோடு கிரேட் செய்ய (நேர இடைவெளி வைத்து வரிசைப்படுத்த) தேவையில்லை, தாழ்வாகவும் வேகமாகவும் வைக்கலாம். ஆனால் எல்.டி. வைண்டிங்குக்கும் ஏ.சி.பி.க்கும் நடுவில் எர்த் ஃபால்ட் வந்தால் அதைப் பார்ப்பது முக்கியமாக நியூட்ரலில் உள்ள சி.டி.யோடு சேர்ந்த ஸ்டாண்ட்பை எர்த் ஃபால்ட் ரிலேதான். அந்த சி.டி. நியூட்ரலும் எர்த்தும் பிரிகிற இடத்துக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். எர்த்துக்குப் போகும் பட்டையில் இருந்தால் ஃபால்ட் கரண்டை மட்டும் பார்க்கும். நியூட்ரல் பஸ்ஸுக்குப் போகும் பக்கம் இருந்தால் சிங்கிள் ஃபேஸ் லோடு ஏறும்போதெல்லாம் அன்பேலன்ஸ் கரண்டைப் பார்த்து விழும். தொல்லை தாங்காமல் யாராவது செட்டிங்கை ஏற்றியிருப்பார்கள். செட்டிங் இயல்புக்கு மேல் இருந்தால் இந்தச் சந்தேகத்தோடு பாருங்கள்.

ரிலேயைக் கழற்றும் முன் டெஸ்ட் பிளாக்கில் சி.டி. செகண்டரியை ஷார்ட் செய்ய மறந்துவிடாதீர்கள். பிரைமரியில் கரண்ட் ஓட செகண்டரி திறந்தால் கிலோவோல்ட் கணக்கில் ஏறும். எந்த பேனலில் ஷார்ட்டிங் லிங்க் இல்லை என்பதும் அவர் சொல்ல வேண்டிய விஷயம்.

#6 மெகர்மணி

மெகர் கருவியால் எடுக்கும் இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் பதிவுகள். பெரும்பாலான பதிவேட்டில் தேதியும் மெகா ஓமும் மட்டும் இருக்கும். வெப்பநிலை இல்லாத மெகர் ரீடிங் அடுத்த வருட ரீடிங்கோடு ஒப்பிட உதவாது. 10 டிகிரி ஏறினால் மதிப்பு ஏறக்குறையப் பாதியாகும். மோட்டார் வைண்டிங் 25 டிகிரியில் 800 மெகா ஓம் காட்டினால் 40 டிகிரிக்கு மாற்றும்போது 283 தான். குளிர்காலக் காலையில் எடுத்த 800-ஐயும், ஓடி நின்ற மோட்டாரில் எடுத்த 250-ஐயும் பக்கத்தில் வைத்து "இறங்கிவிட்டது" என்று முடிவு கட்டினால் நல்ல மோட்டாரைக் கழற்றுவீர்கள்.

எழுத வேண்டியவை: வைண்டிங் வெப்பநிலை, காற்றின் ஈரப்பதம், டெஸ்ட் வோல்டேஜ், 1 நிமிட ரீடிங், 10 நிமிட ரீடிங், கேபிளோடு சேர்த்து எடுத்ததா கழற்றி எடுத்ததா, கார்டு டெர்மினல் (மேற்பரப்புக் கசிவை விலக்கும் முனை) போட்டதா இல்லையா. கடைசி இரண்டும் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. புஷ்ஷிங் மேல் தூசியும் ஈரமும் இருந்தால் கார்டு இல்லாமல் எடுத்த ரீடிங் அந்தத் தூசியைத்தான் அளக்கிறது.

10 நிமிட டெஸ்ட் முடிந்ததும் குறைந்தது 40 நிமிடம் எர்த் செய்து வையுங்கள். சார்ஜ் ஆன நேரத்தைப் போல நான்கு மடங்கு என்பது கணக்கு. மெகரில் உள்ள டிஸ்சார்ஜ் பொத்தான் காட்டும் பூஜ்ஜியத்தை நம்பி உடனே கை வைத்தால், இன்சுலேஷனுக்குள் தங்கிய சார்ஜ் மறுபடி வோல்டேஜாக எழும்பும்.

பி.ஐ. (10 நிமிட ரீடிங் / 1 நிமிட ரீடிங்) 2-க்குக் குறைந்தால் ஈரம் என்று எடுத்துக்கொண்டு காய வையுங்கள், டிரான்ஸ்ஃபார்மருக்கும் இதேதான்.

#7 காப்பெண்ணெய்

மெகர்மணி அண்ணா, கடைசி வரியை ஏற்க முடியாது. பி.ஐ. 2 என்பது சுழலும் இயந்திரங்களின் வைண்டிங்குக்கு வந்த அளவுகோல். எண்ணெய் நிரம்பிய டிரான்ஸ்ஃபார்மரில் எண்ணெயும் காகிதமும் சேர்ந்து இருக்கிறது, எண்ணெயில் அயனிகள் நகர்கின்றன. நல்ல நிலையில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரே 1.1, 1.2 என்று காட்டும். அதைப் பார்த்து எண்ணெயை இறக்கிக் காய வைத்தால் வெளிக்காற்று பட்டு நிலைமை மோசமாவதுதான் மிச்சம். ஈரத்தைத் தெரிந்துகொள்ள எண்ணெயிலுள்ள ஈரத்தின் பி.பி.எம்., பி.டி.வி. (எண்ணெய் உடையும் வோல்டேஜ்), டான் டெல்டா (காப்பில் ஏற்படும் இழப்பின் அளவு) இவற்றைப் பாருங்கள்.

#8 மெகர்மணி

சரி, டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். மோட்டாரிலும் ஒரு விதிவிலக்கு சேர்க்கிறேன்: 1 நிமிட ரீடிங்கே 5000 மெகா ஓமுக்கு மேல் இருந்தால் பி.ஐ.க்கு அர்த்தம் இல்லை, கருவியின் அளவு எல்லையில் ஊசலாடும். அந்த இடத்தில் 1 நிமிட ரீடிங்கின் போக்கு போதும்.

#9 காப்பெண்ணெய்

எண்ணெய் விஷயத்தில் அவரிடம் கேட்க வேண்டியது சாம்பிள் எடுத்த முறை. பி.டி.வி. 28 கே.வி. என்று ரிப்போர்ட் இருக்கும், இந்த வோல்டேஜ் வகுப்பில் 30-க்குக் கீழே என்றால் மோசம் என்பதும் சரி. ஆனால் வால்வில் தேங்கிய எண்ணெயை வடித்துவிடாமல் முதல் அரை லிட்டரையே பாட்டிலில் பிடித்திருந்தால் அந்த 28 வால்வின் அழுக்குக்கு உரியது, டேங்குக்கு அல்ல. கீழ் வால்விலிருந்து ஒன்றிரண்டு லிட்டர் வெளியேற்றி, அதே எண்ணெயால் பாட்டிலை அலசி, காற்றுக்குமிழி வராமல் மெதுவாக நிரப்ப வேண்டும். மழை, பனி உள்ள நேரத்தில் எடுக்கவே கூடாது. சோதனையில் 2.5 மி.மீ. இடைவெளி, விநாடிக்கு 2 கே.வி. ஏற்றம், ஆறு பிரேக்டவுன், ஒவ்வொன்றுக்கும் நடுவில் 2 நிமிடம், ஆறின் சராசரி. ஆறு எண்களையும் கேட்டு வாங்குங்கள். 52, 50, 24, 55, 49, 51 என்று இருந்தால் நடுவில் ஒரு நார் அல்லது குமிழி மாட்டியிருக்கிறது. ஆறும் 25-க்கும் 30-க்கும் நடுவில் என்றால் எண்ணெய் உண்மையிலேயே ஈரம்.

கரைந்த வாயு சோதனை (டி.ஜி.ஏ.) ரிப்போர்ட்டுகள் முழுவதையும் தேதி வரிசையில் வாங்குங்கள். அசெட்டிலீன் வந்தால் உள்ளே ஆர்க், எத்திலீன் கூடினால் கடும் சூடு, ஹைட்ரஜன் மட்டும் கூடினால் பார்ஷியல் டிஸ்சார்ஜ், கார்பன் மோனாக்சைடு ஏறினால் காகிதம். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து யாரும் தீர்ப்பு சொல்ல முடியாது. பழைய ரிப்போர்ட்டில் அசெட்டிலீன் கொஞ்சம் இருந்து அதே அளவில் நின்றிருந்தால் அது என்றோ நடந்த ஒரு ஃபால்ட்டின் தடமாக இருக்கலாம். அது என்ன ஃபால்ட் என்று அவருக்குத்தான் தெரியும். எண்ணெயை எப்போது ஃபில்டர் செய்தார்கள் என்பதையும் கேளுங்கள். ஃபில்டர் செய்தால் வாயுக்கள் வெளியேறிவிடும், கணக்கு அங்கிருந்து புதிதாக ஆரம்பிக்கும்.

பிரீதரில் (டிரான்ஸ்ஃபார்மர் காற்றை இழுக்கும் குழாய்) உள்ள சிலிக்கா ஜெல் எந்தப் பக்கமிருந்து நிறம் மாறுகிறது என்று பாருங்கள். காற்று கீழே எண்ணெய்க் கிண்ணம் வழியாக நுழைவதால் அடியிலிருந்து நிறம் மாறுவது இயல்பு. மேலிருந்து மாறினால் காற்று பிரீதர் வழியாக வராமல் மேலே குழாய் இணைப்பிலோ கன்சர்வேட்டர் (மேலுள்ள எண்ணெய்த் தொட்டி) மூடியிலோ நுழைகிறது. ஜெல்லை மாற்றிக்கொண்டே இருந்தால் கேஸ்கெட் சரியாகாது.

#10 ஈயத்தகடு

எல்லோரும் டிரான்ஸ்ஃபார்மரையும் ரிலேயையும் பார்க்கிறீர்கள். பிரேக்கரைத் திறக்கும் ட்ரிப் காயிலுக்கு டி.சி. வராவிட்டால் மேலே போட்ட கணக்கு எதற்கும் பயன் இல்லை.

110 வோல்ட் என்றால் 55 செல். வி.ஆர்.எல்.ஏ. (மூடிய ஈய-அமில) பேட்டரிக்கு ஃப்ளோட்டில் (எப்போதும் சார்ஜரில் இருக்கும் நிலையில்) செல்லுக்கு 2.25 வோல்ட், மொத்தம் 123.75. சார்ஜர் மீட்டரை நம்பாமல் பேட்டரி முனையிலேயே அளந்து பாருங்கள். ஃப்ளோட்டில் எல்லாச் செல்லும் 2.25 காட்டினால் நல்ல பேட்டரி என்று பொருள் இல்லை. சார்ஜர் பிடித்துவைத்திருக்கிறது, அவ்வளவுதான். அவர் இருக்கும்போதே ஒரு கெப்பாசிட்டி டெஸ்ட் நடத்துங்கள்:

மாற்றுப் பேட்டரி அல்லது தற்காலிக டி.சி. சப்ளையை முதலில் இணைத்து, அதில் ஒரு பிரேக்கரை ட்ரிப் செய்து பார்த்துவிட வேண்டும். பிறகுதான் பிரதானப் பேட்டரியைப் பிரிக்க வேண்டும். பேட்டரி 100 ஏ.எச். (ஆம்பியர்-மணி) என்றால் 10 ஆம்பியர் நிலையான லோடு. மணிக்கு ஒரு முறை 55 செல்லின் வோல்டேஜும், எட்டாவது மணிக்குப் பிறகு 15 நிமிடத்துக்கு ஒரு முறையும். செல்லுக்கு 1.80, மொத்தம் 99 வோல்ட் வந்ததும் நிறுத்துங்கள். 8 மணி நேரத்துக்கு முன்பே அங்கே வந்துவிட்டால் கெப்பாசிட்டி 80%-க்குக் கீழே, மாற்ற வேண்டிய நேரம். ஒரே ஒரு செல் மட்டும் வேகமாக இறங்கினால் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது தலைகீழாகச் சார்ஜ் ஆகும் வரை டெஸ்டைத் தொடரக் கூடாது. அறை வெப்பநிலையும் பதிவில் வேண்டும். 25 டிகிரிக்கு மேல் ஏறக்குறைய 10 டிகிரிக்கு ஒரு முறை பேட்டரியின் ஆயுள் பாதியாகும்.

டி.சி. எர்த் லீக்கேஜ்: பாசிட்டிவ்–எர்த், நெகட்டிவ்–எர்த் இரண்டையும் அளங்கள். இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் பூஜ்ஜியத்தை நெருங்கினால் எங்கோ ஒரு எர்த். முதல் எர்த்தில் எதுவும் நடக்காது, அதனால் அதைக் கவனிக்காமல் விடுகிறார்கள். இரண்டாவது வரும் இடத்தைப் பொறுத்துப் பிரேக்கர் காரணமில்லாமல் விழும், அல்லது விழ வேண்டிய நேரத்தில் விழாது.

#11 முதல்ட்ரிப்

பிரேக்கரைச் சோதிக்கும்போது முதல் ட்ரிப்பைப் பதிவு செய்யுங்கள், இதை நான் அழுத்திச் சொல்வேன். மாதக்கணக்கில் மூடியே இருந்த பிரேக்கரின் லாட்ச்சில் (அதை மூடிய நிலையில் பிடித்திருக்கும் கொக்கி) கிரீஸ் இறுகியிருக்கும். முதல் முறை மெதுவாகத் திறக்கும், இரண்டாவது முறை இயல்பான நேரத்துக்கு வந்துவிடும். டைமிங் கிட்டைப் பொருத்துவதற்காக முதலில் ஒரு முறை திறந்து மூடினால், தேடிய குறையை நீங்களே அழித்துவிட்டீர்கள். ட்ரிப் காயில் ஒயரில் டி.சி. கிளாம்ப் போட்டு அலைவடிவத்தைப் பிடித்தால் போதும். கரண்ட் ஏறும், பிளஞ்சர் (காயிலுக்குள் நகரும் இரும்புத் தண்டு) நகரும்போது ஒரு பள்ளம் விழும், மறுபடி ஏறும். அந்தப் பள்ளம் சென்ற தடவையைவிடத் தள்ளி விழுந்தால் பிளஞ்சர் அல்லது லாட்ச் இறுகுகிறது.

அடுத்து, ட்ரிப் காயில் குறைந்த டி.சி.யிலும் இயங்க வேண்டும், 70% என்றால் 77 வோல்ட். குளோசிங்குக்கு 85%, அதாவது 93.5. கான்டாக்ட் ரெசிஸ்டன்ஸை 100 ஆம்பியர் டி.சி. விட்டு மைக்ரோ ஓமில் எடுங்கள். மூன்று துருவத்தில் ஒன்று மற்ற இரண்டிலிருந்து விலகி நிற்கிறதா என்பதே முதல் கேள்வி.

#12 தரைத்தடை

எர்த் பிட் ரீடிங்கில் தேதியைவிட மண் ஈரமா காய்ந்ததா என்பது முக்கியம். மழைக்குப் பின் எடுத்த அழகான எண் வறண்ட காலத்தில் நிற்காது. தனி ராடுக்கு: கரண்ட் ஸ்பைக்கை 50 மீட்டரில், பொட்டென்ஷியல் ஸ்பைக்கை 31 மீட்டரில் (61.8%) வைத்து அளந்து, பிறகு 26, 36 மீட்டரிலும் அளங்கள். மூன்றும் ஒத்துவந்தால் நம்பலாம். விலகினால் கரண்ட் ஸ்பைக் இன்னும் தூரம் போக வேண்டும். மொத்த எர்த் கிரிட்டுக்கு இந்த 50 மீட்டர் போதாது. கிரிட்டின் மூலைவிட்டத்தைப் போல ஐந்து மடங்கு தூரம் தேவைப்படும்.

கிளாம்ப் டெஸ்டர் 0.02 ஓம் காட்டினால் மகிழ வேண்டாம். பட்டையும் பட்டையும் சேர்ந்த உலோக வளையத்தை அளந்திருக்கிறீர்கள், மண் அதில் இல்லை. மிக முக்கியம்: டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜில் இருக்கும்போது நியூட்ரல் எர்த்தைக் கழற்றி அளக்கக் கூடாது.

#13 புதுப்பொறுப்பு

நியூமெரிக்கல் ரிலேக்களின் பாஸ்வேர்டு அவரிடம் மட்டும்தான் இருக்கிறது. மென்பொருளும் அவருடைய பழைய லேப்டாப்பில்தான்.

#14 ரிலேமேசை

அந்த லேப்டாப்பை ஸ்டோருக்குத் திருப்பிக் கொடுக்க விடாதீர்கள். பழைய ரிலேயின் மென்பொருள் புது இயங்குதளத்தில் பல நேரம் நிறுவாது, சீரியல் போர்ட்டும் புது லேப்டாப்பில் கிடையாது. லேப்டாப், கேபிள், டிரைவர், மென்பொருள் பதிப்பு எண், ரிலேயின் ஃபர்ம்வேர் எண் எல்லாம் ஒரே பெட்டியில். ஒவ்வொரு ரிலேயிலிருந்தும் இன்றைக்குள்ள செட்டிங்கை இறக்கி, தாளோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் அது பிழையா, ஏதோ ஒரு சம்பவத்துக்குப் பின் மாற்றியதா என்று அவரே சொல்லிக் கையெழுத்திட வேண்டும். லாஜிக் கோப்பையும் இறக்குங்கள். எந்த அவுட்புட் எந்த ட்ரிப் காயிலுக்குப் போகிறது என்பது செட்டிங் பட்டியலில் இருக்காது. பாஸ்வேர்டை உறையிலிட்டு முத்திரை வைத்துப் பொறுப்பு அதிகாரியிடம் கொடுங்கள். உங்கள் தலைக்குள் மட்டும் வைத்துக்கொண்டால் அதே சிக்கல் மறுபடி வரும்.

#15 நியூட்ரல்

பேக்ஃபீட் (அணைத்த பகுதிக்கு வேறு வழியாகத் திரும்பி வரும் மின்சாரம்) எங்கெல்லாம் வரும் என்று அவரோடு சிங்கிள் லைன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். ஜெனரேட்டர், யு.பி.எஸ். பைபாஸ், சோலார் இன்வெர்ட்டர், பக்கத்துக் கட்டடத்திலிருந்து எப்போதோ இழுத்த லைட்டிங் சப்ளை. படத்தில் இல்லாத ஒன்றாவது பெரும்பாலும் கிடைக்கும். கண்டதைச் சிவப்பு மையில் குறித்து, அவர் தேதியோடு கையெழுத்திட்டால் அதுவே இனி மூலப் படம். 11 கே.வி. கேபிள் பாதையில் ஜாயிண்ட் உள்ள இடங்களையும் ஒரு நிலையான அடையாளத்திலிருந்து மீட்டரில் அளந்து குறியுங்கள். பல ஆண்டு ஓடிய எக்ஸ்.எல்.பி.இ. கேபிளை டி.சி. ஹைபாட்டில் (உயர் வோல்டேஜ் சோதனை) சோதிக்கும் வழக்கம் அங்கே இருந்தால் அதோடு நிறுத்திவிட்டு 0.1 ஹெர்ட்ஸ் வி.எல்.எஃப்.க்கு (மிகக் குறைந்த அதிர்வெண் ஏ.சி. சோதனை) மாறுங்கள், டி.சி. உள்ளே விட்டுச்செல்லும் சார்ஜ், சோதனையில் தேறிய கேபிளையும் மறுபடி சப்ளை கொடுத்த பிறகு உடைக்கலாம்.

#16 புதுப்பொறுப்பு

ஓய்வுக்குப் பிறகும் வந்து உதவுகிறேன் என்கிறார். ஷட்டவுன் நேரத்தில் அவரையே ஸ்விட்சிங் செய்யச் சொல்லலாமா?

#17 முதல்ட்ரிப்

கூடாது. ஓய்வு பெற்ற நாளோடு அவருடைய ஸ்விட்சிங் அதிகாரமும் முடிந்துவிடும். பெர்மிட்டில் (வேலை அனுமதிச் சீட்டு) அவர் பெயர் வரக் கூடாது. எவ்வளவு மதிப்புள்ளவராக இருந்தாலும் பேனலுக்கு முன்னால் ஒரே நேரத்தில் இரண்டு பேரின் உத்தரவு இருந்தால் விபத்து நடக்கும். டி.ஜி.ஏ. போக்கு, ரிலே ஈவென்ட் பதிவு, கெப்பாசிட்டி டெஸ்ட் எண்கள் இவற்றை அனுப்பி அவர் கருத்தைக் கேளுங்கள், அதில் அவர் அனுபவம் முழுதாகப் பயன்படும்.

மூன்று மாதத்தை இப்படிப் பிரியுங்கள். முதல் மாதம் படமும் செட்டிங் ஒப்பீடும். இரண்டாம் மாதம் பேட்டரி டெஸ்ட், முதல் ட்ரிப் பதிவு, எண்ணெய் சாம்பிள். கடைசி மாதம் நடக்கும் எல்லா ஸ்விட்சிங்கையும் நீங்கள் செய்யுங்கள், வரிசையை எழுதுவதும் நீங்களே; அவர் படித்துப் பார்த்து, பக்கத்தில் நிற்கட்டும். செத்த லைனா என்று சோதிக்கும்போது டெஸ்டரை முதலில் உயிருள்ள இடத்தில் காட்டி, பிறகு லைனில் காட்டி, மறுபடி உயிருள்ள இடத்தில் காட்டுகிறீர்களா என்பதை அவர் கவனிக்கட்டும்.

உதிரியாக ட்ரிப் காயில், குளோசிங் காயில், ஸ்பிரிங் சார்ஜிங் மோட்டார் மூன்றும் ஸ்டோரில் இருக்கிறதா என்று இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். பெட்டியில் எழுதியிருப்பதை விட்டுவிட்டுக் காயிலில் பொறித்த வோல்டேஜைப் படியுங்கள். 220 வோல்ட் காயில் 110 வோல்ட் நிலையத்தின் அலமாரியில் கிடந்தால், தேவைப்படும் இரவில் அது பிளஞ்சரை அசைக்காது.